ஆர்சி மான்ஸ்டர் ட்ரக்குல ஷாக் மாத்துறது: அலுமினியம் அப்புறம், ஆயில் முதல்ல

ஆர்சி மான்ஸ்டர் ட்ரக் (ரிமோட்ல ஓடுற குண்டு டயர் பொம்மை வண்டி) வாங்கி ரெண்டு மாசம் ஓட்டினவங்க எல்லாருக்கும் ஒரு நாள் இந்த ஆசை வந்துரும், பிளாஸ்டிக் ஷாக்க (ஷாக் அப்சார்பர) கழட்டிட்டு பளபளன்னு அலுமினியம் ஷாக் நாலு போட்டா வண்டி பறக்கும்னு. எனக்கும் வந்துச்சு. செகப்பு கலர்ல ஒரு செட், விலை ரொம்ப கம்மி, ஆர்டர் பண்ணி வந்த அன்னைக்கே அரை மணி நேரத்துல மாட்டிட்டேன். முதல் ஜம்ப்லயே தெரிஞ்சுருச்சு, பழைய பிளாஸ்டிக்க விட மோசம், ரப்பர் பந்து மாதிரி மூணு தடவ குதிச்சு கவுந்துச்சு. வீட்டுக்கு வந்து ஒவ்வொண்ணா தொறந்து பாத்தா நாலுல ரெண்டுல பாதி ஆயில்தான் இருக்கு, ஒண்ணுல பேருக்கு அடியில கொஞ்சம் ஒட்டியிருக்கு, பின்னாடி ரெண்டும் பழசவிட ஒரு சென்டிமீட்டர் நீளம் வேற. அன்னைக்கு ராத்திரியே பழைய பிளாஸ்டிக் ஷாக்க சுத்தம் பண்ணி புது ஆயில் ஊத்தி திரும்ப மாட்டினேன், மறுநாள் வண்டி அந்த புது செட்ட விட அழகா ஓடுச்சு. அதுல இருந்து யார் கேட்டாலும் நான் சொல்றது ஒண்ணுதான், மொதல்ல கையில இருக்குற ஷாக்க தொறங்க, புதுசு வாங்குறத அப்புறம் பாத்துக்கலாம்.

இங்க நான் டிராக்ஸாஸ் கம்பெனியோட ஸ்டாம்பீட் டூ வீல் டிரைவ் ட்ரக்க வச்சுதான் சொல்றேன், ஏன்னா கை பழகினது அது. வேற 1/10 அளவு (நெஜ வண்டில பத்துல ஒரு பங்கு) ட்ரக்கா இருந்தாலும் நீளமும் ஸ்க்ரூ சைஸும்தான் மாறும், வேலை அதே வேலைதான்.

ஷாக் என்ன பண்ணுதுன்னு புரிஞ்சா பாதி வேலை முடிஞ்ச மாதிரி. ஸ்பிரிங் வண்டியோட வெயிட்ட தாங்குது, அவ்வளவுதான் அதோட வேலை. அமுங்கின ஸ்பிரிங் திரும்ப விரியும்போது வாங்கின சக்திய அப்படியே திருப்பி குடுத்துரும். அந்த சக்திய தின்னு தீக்குறது உள்ள இருக்குற ஆயில். ஷாக்குக்குள்ள போய் வர்ற கம்பிதான் ஷாஃப்ட், அதோட உள் நுனியில ஒரு சின்ன பிஸ்டன், அதுல ரெண்டு மூணு ஓட்டை, பிஸ்டன் மேல கீழ போகும்போது ஆயில் அந்த ஓட்டை வழியா நுழைஞ்சு போகணும், அந்த கஷ்டத்துலதான் வேகம் அடங்குது. பழைய பைக்ல பின்னாடி ஷாக்கப்ஸர் லீக் ஆகிப்போனா ஸ்பீடு பிரேக்கர் தாண்டினதும் நம்மள நாலு தடவ தூக்கித் தூக்கிப் போடும்ல, அதேதான் இதுவும். மான்ஸ்டர் ட்ரக்குல இன்னொரு சிக்கல் உண்டு, அந்த குண்டு டயர். உள்ள காத்தும் ஃபோமும் இருக்குற பெரிய ரப்பர் உருண்டை, அதுவே ஒரு ஸ்பிரிங், ஆனா அத அடக்க ஆயில் கிடையாது. டயர் எகிறி விடுறதையும் சேத்து ஷாக்தான் அடக்கணும். அதனாலதான் சின்ன டயர் உள்ள பக்கி காருக்கு சரியா இருக்குற செட்டப்ப அப்படியே ட்ரக்குல போட்டா ஒத்து வராது.

சரி, வேலைக்கு வருவோம். மொதல்ல பேட்டரி, பாடி (மேல் கூடு) எல்லாம் மாட்டின வண்டிய மேஜைல வச்சு முன்பக்கத்த கையால அமுக்கி விடுங்க. மெதுவா எழும்பி ஒரே இடத்துல நிக்கணும். படக்குனு எழும்பி ஆடினா ஆயில் இல்ல, இல்லாட்டி காத்து நெறைய இருக்கு. அமுக்குன இடத்துலயே ஒட்டிக்கிட்டா ஷாஃப்ட் வளைஞ்சிருக்கு, இல்லன்னா பால் எண்ட்ல (ஷாஃப்ட்டோட வெளி நுனியில இருக்குற உருண்டை மூட்டு) மண்ணு பிடிச்சிருக்கு. அப்புறம் ஷாக்க கழட்டி ஸ்பிரிங்க எடுத்துட்டு ஷாஃப்ட்ட மட்டும் தள்ளி இழுத்து பாருங்க, நடுவுல திடீர்னு லூசாகி சளக் சளக்னு சத்தம் வந்தா அது காத்து. ஷாஃப்ட்ட கண்ணாடி மேல உருட்டி பாத்தா வளைவு தெரிஞ்சுரும். அடியில எண்ணெய்ப் பிசுக்குல மண்ணு அப்பியிருந்தா சீல் (ஆயில் கசியாம ஷாஃப்ட்ட சுத்தி இருக்குற ரப்பர் வளையம்) போயிருச்சுன்னு அர்த்தம்.

இந்த ஸ்டாக் ஷாக்க ஒரு தடவ முழுசா பிரிச்சு மேய்ஞ்சு புது சீல், புது ஆயில் போடுறதுக்கு ஆகுற செலவு ஒரு புது செட் விலையில சின்ன பங்குதான். வீட்டு வாசல்லயும் கிரவுண்டுலயும் ஓட்டுறவங்களுக்கு இதுவே போதும்னு உறுதியா சொல்றேன். பெரிய ஜம்ப், பிரஷ்லெஸ் மோட்டார், 3எஸ் (மூணு செல்) பேட்டரின்னு போறவங்களுக்குத்தான் அலுமினியம் தேவைப்படுது. அடி வாங்குறப்ப பிளாஸ்டிக் கேப் (ஷாக்கோட மேல் மூடி) திரெட் விட்டு தெறிக்கலாம், ஷாக்கோட பாடி சூட்டுல லேசா நெகிழும், ஸ்பிரிங் உயரத்த கிளிப் மாட்டி மாட்டித்தான் மாத்த முடியும். அலுமினியம் பாடில திரெட் இருக்கும், ஸ்பிரிங்க தாங்குற காலர சுத்தினா போதும், ஒரு மில்லிமீட்டர் வரைக்கும் துல்லியமா உயரம் வைக்கலாம். பெரிய விட்டம் உள்ள ஷாக்ல ஆயில் அதிகம் பிடிக்கும், அதனால தொடர்ந்து ஓட்டுறப்ப சூடாகி இளகுறது கம்மியாகும். ஸ்டாம்பீடுக்கு டிராக்ஸாஸே பிக் போர்னு அலுமினியம் ஷாக் விக்கிறாங்க.

வாங்கும்போது பாக்க வேண்டியது நீளம். ஷாக் முழுசா விரிஞ்சு இருக்கும்போது மேல் ஓட்டையோட நடுவுல இருந்து கீழ் ஓட்டையோட நடு வரைக்கும் வெர்னியர் (துல்லியமா அளக்குற கருவி) வச்சு அளங்க, அப்புறம் முழுசா அமுக்கி அதே அளவ எடுங்க. ரெண்டு அளவும் வேணும். முன்னாடி பின்னாடி நீளம் வேற வேறயா இருக்கும், ஒண்ண அளந்துட்டு நாலும் அதேன்னு நெனைக்காதீங்க. ஷாக் நீளம் அதிகமானா ஆர்ம் (சக்கரத்த தாங்குற கை) கீழ இறங்கி தொங்கும், டிரைவ்ஷாஃப்ட் (சக்கரத்த சுத்த வைக்கிற தண்டு) செங்குத்தா மடங்கி பிடிக்கும், ஸ்டாம்பீடுல இருக்குற மாதிரி ஒண்ணுக்குள்ள ஒண்ணு சறுக்குற ஷாஃப்ட்டா இருந்தா கழண்டே போயிரும். எனக்கு அந்த ஒரு சென்டிமீட்டர் அப்படித்தான் ஒரு டிரைவ்ஷாஃப்ட்ட தின்னுச்சு.

அடுத்தது, சீலும் ஷாஃப்ட்டும் தனியா கெடைக்குதான்னு பாருங்க. இத எவ்வளவு அழுத்தி சொன்னாலும் தகும். சீலா இருக்குற ஓ-ரிங் தேயுற பொருள், ஒரு வருஷத்துல மாத்தியே ஆகணும். உதிரி கெடைக்காத ஷாக் எவ்வளவு அழகா இருந்தாலும் ஒரு சீசன் முடிஞ்சதும் குப்பைதான். இந்த ஒரு காரணத்துக்காகவே பேர் இல்லாத செட்ட விட பேர் உள்ள கம்பெனியோட பழைய செட்ட பாதி விலைக்கு வாங்கி புது சீல் போடுறது மேல்.

புதுசா வந்த ஷாக்ல ஆயில் ஊத்தியே வந்திருந்தாலும் தொறந்து கொட்டிட்டு நீங்களே ஊத்துங்க. பிரிச்சு போட்டதும் மொதல்ல ஷாஃப்ட், பிஸ்டன், ஓ-ரிங், பாடி எல்லாத்தையும் துடைங்க, ஃபேக்டரில கடைஞ்ச அலுமினியத் தூள் உள்ள இருந்தா அது சீல அறுத்துரும். ஷாஃப்ட்ட ஓ-ரிங் வழியா நுழைக்கிறதுக்கு முன்னாடி திரெட் மேல ஆயில் தடவுங்க, இன்னும் நல்லது ஒரு துண்டு மெல்லிசு டேப்ப திரெட் மேல சுத்திட்டு நுழைக்கிறது, திரெட்டோட கூர்முனைதான் புது ஓ-ரிங்க கீறி முதல் நாள்லயே லீக் ஆக்குறது. பால் எண்ட்ட ஷாஃப்ட்ல திருகும்போது ஷாஃப்ட்ட வெறும் பிளையரால பிடிச்சுராதீங்க, ஒரு கீறல் விழுந்தா ஒவ்வொரு தடவ மேல கீழ போகும்போதும் அது சீல சுரண்டும். தடிமனான துணி இல்லன்னா பழைய தோல் பெல்ட்டு துண்ட மடிச்சு வச்சு பிடிங்க. இடது வலது ரெண்டுலயும் பால் எண்ட் ஒரே அளவு ஏறியிருக்கான்னு வெர்னியர் வச்சு பாத்துருங்க, அரை மில்லிமீட்டர் வித்தியாசம்கூட ஒரு பக்கம் சாய வைக்கும்.

இப்ப ஆயில். சிலிக்கான் ஷாக் ஆயில் மட்டும்தான். பைக் ஃபோர்க் ஆயில், தையல் மிஷின் ஆயில், தேங்காயெண்ணெய் எதுவும் வேண்டாம், இந்த சீல்கள சிலிக்கான் ஆயிலுக்குன்னே செஞ்சிருக்காங்க, மத்த எண்ணெய்ல வீங்கலாம் கெட்டியாகலாம், சூட்டுல கெட்டித்தன்மையும் தாறுமாறா மாறும். ஷாஃப்ட்ட முழுசா கீழ இழுத்து பாடிய நேரா நிமித்தி வச்சு விளிம்புக்கு கொஞ்சம் கீழ வரைக்கும் ஊத்துங்க. அப்புறம் ஷாஃப்ட்ட ரொம்ப மெதுவா மேலயும் கீழயும் ஒரு பத்து தடவ நகர்த்துங்க, பிஸ்டன் ஆயில் மட்டத்த தாண்டி வெளிய வரக்கூடாது, வந்தா புதுசா காத்த இழுத்துட்டு போயிரும். குமிழ் குமிழா வரும். வந்ததும் அவசரப்பட்டு மூடாதீங்க, நாலு ஷாக்கையும் வரிசையா நிக்க வச்சுட்டு ஒரு டீ குடிச்சுட்டு வாங்க, பத்து நிமிஷம் ஆனாதான் சின்ன குமிழெல்லாம் மேல ஏறும். ஒரு பாட்டில் மூடில ஓட்டை போட்டு நிக்க வச்சா கீழ விழாது. இந்த பத்து நிமிஷம்தான் மொத்த வேலையிலயும் முக்கியமானது, பெரும்பாலானவங்க விட்டுர்றதும் இததான்.

மூடுறதுலதான் சூட்சுமம் இருக்கு. ஷாஃப்ட் உள்ள நுழையும்போது அதுவும் இடத்த அடைக்குது, அந்த அளவு ஆயில் எங்கயாவது போகணும். காத்தே இல்லாம, ஷாஃப்ட் முழுசா வெளிய இருக்கும்போதே இறுக்கி மூடிட்டா ஷாக் பாதி தூரம் அமுங்கி அதுக்கு மேல போகாம நின்னுரும், அதிரடியா இறங்கினா சீல் பிதுங்கும். அதனால கேப்புக்குள்ள ரப்பர் பிளாடர் (அமுங்கி இடம் குடுக்குற மெல்லிசு ரப்பர் பை) உள்ள ஷாக்குன்னா, ஆயில விளிம்பு வரைக்கும் ஊத்தி, பிளாடர வச்சு, கேப்ப ஒரு சுத்து மட்டும் திருகி, ஷாஃப்ட்ட மெதுவா மேல தள்ளுங்க, அதிகப்படி ஆயில் ஓரமா கசிஞ்சு வெளிய வரும், முழுசா உள்ள போனதும் அப்படியே பிடிச்சுக்கிட்டு கேப்ப இறுக்குங்க. பிளாடர் இல்லாத ஷாக்குக்கும் இதே முறைதான், ஆனா உள்ள கொஞ்சம் காத்து மிஞ்சும், அத தவிர்க்க முடியாது. மூடினதும் ஸ்பிரிங் இல்லாம ஷாஃப்ட்ட முழுசா அமுக்கி விட்டு பாருங்க, வெளிய வராம நின்னாலோ மெதுவா கொஞ்ச தூரம் வந்தாலோ நல்லது, ஆனா இடதும் வலதும் ஒரே தூரம் வரணும். ஒண்ணு பாதி வந்து இன்னொண்ணு அசையாம இருந்தா திரும்ப தொறக்கணும், சோம்பல் பட்டா வண்டி ஒரு பக்கமா சாஞ்சு குதிக்கும்.

எந்த கெட்டி ஆயில்? ஸ்டாம்பீட் கம்பெனில இருந்து வரும்போது 30 வெயிட் ஆயில். பாட்டில்ல கெட்டித்தன்மைய காட்ட வெயிட்னு ஒரு நம்பர், சிஎஸ்டின்னு (சென்டிஸ்டோக்) ஒரு நம்பர் இருக்கும், ரெண்டாவதுதான் நம்பகமானது. டீம் அசோசியேட்டட் கம்பெனி பாட்டில்ல 30 வெயிட்னா 350 சிஎஸ்டி, 35னா 425, 40னா 500. லோசி கம்பெனி பாட்டில்ல அதே 40 வேற சிஎஸ்டி காட்டும். அதனால ஒரு கம்பெனி ஆயில புடிச்சுக்கிட்டா அதுலயே இருங்க, கலக்காதீங்க. நான் ஆரம்பிக்கிறது முன்னாடி 35, பின்னாடி 40. ஸ்டாம்பீட்ல மோட்டார் பின் அச்சுக்கும் பின்னாடி தொங்குது, கனம் எல்லாம் அங்கதான், அதனால பின்னாடி ஒரு படி கெட்டி. பெரிய விட்டம் உள்ள ஷாக்கா இருந்தா அதோட பிஸ்டன் ஓட்டை அளவும் மாறியிருக்கும், அதனால பழைய ஷாக்ல நல்லா இருந்த நம்பர் இதுல அதே மாதிரி இருக்காது, ஓட்டிப் பாத்துதான் முடிவு பண்ணணும். வெயில் காலத்துல ஆயில் இளகும், அப்ப 5 கூட்டிக்கோங்க, குளிர் ஊர்ல இருக்கவங்க 5 கொறைங்க.

பிஸ்டன் ஓட்டையப் பத்தி ஒரு விஷயம் தெரிஞ்சு வச்சுக்கணும். சின்ன ஓட்டையும் தண்ணி மாதிரி ஆயிலும் போட்டாலும், பெரிய ஓட்டையும் கெட்டி ஆயிலும் போட்டாலும், கையால மெதுவா அமுக்குறப்ப ரெண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். ஆனா உயரத்துல இருந்து விழும்போது ஷாஃப்ட் படார்னு உள்ள போகுது, அப்ப சின்ன ஓட்டைல ஆயிலுக்கு போக வழியில்லாம ஷாக் பூட்டின மாதிரி நிக்கும், இதத்தான் பேக் ஆகுறதுன்னு சொல்றாங்க. பெரிய ஜம்ப் பண்றவங்களுக்கு கொஞ்சம் பேக் ஆகுறது நல்லது, சேஸிஸ் (வண்டியோட அடித்தட்டு) தரைல அறையாது. கல்லும் மேடும் நெறைஞ்ச இடத்துல வேகமா ஓட்டுறவங்களுக்கு அது ஆகாது, டயர் தரையில ஒட்டாம துள்ளிக்கிட்டே போகும்.

ஸ்பிரிங் விஷயத்துல நெறைய பேர் பண்ற தப்பு, காலர கீழ இறக்கினா ஸ்பிரிங் கெட்டியாகும்னு நெனைக்கிறது. ஆகாது. அது வண்டியோட உயரத்த மட்டும்தான் தூக்கும். கெட்டி வேணும்னா வேற ஸ்பிரிங்தான் வாங்கணும், கம்பி தடிமன் கூடினாலோ சுத்து எண்ணிக்கை கொறைஞ்சாலோ கெட்டி.

மாட்டுறதுக்கு முன்னாடி செய்ய வேண்டிய ஒண்ணு, இத தயவுசெஞ்சு விட்டுராதீங்க. ஸ்பிரிங் இல்லாம வெறும் ஷாக்க மட்டும் நாலு பக்கமும் மாட்டி, சக்கரத்த கையால முழுசா மேல தூக்குங்க, முழுசா கீழ தொங்க விடுங்க. மேல தூக்கும்போது சேஸிஸ் அடி தரையத் தொடணும், அதுக்கு முன்னாடியே ஷாக் உள்ள முட்டிட்டா ஒவ்வொரு ஜம்ப்லயும் அடி எல்லாம் கேப்புக்கும் டவருக்கும்தான் (ஷாக்கோட மேல் முனைய மாட்டுற தட்டு) போகும், அப்ப ஷாஃப்ட்ல வெளிய ஒரு ரப்பர் ஓ-ரிங் ரெண்டு போட்டு மெத்து குடுங்க. கீழ தொங்கும்போது பின் சக்கரத்த கையால சுத்தி பாருங்க, டிரைவ்ஷாஃப்ட் கட கடன்னு பிடிச்சா ஷாக் நீளம் அதிகம், திரும்ப தொறந்து பிஸ்டனுக்கு அடியில சின்ன ஸ்பேசர் போடுங்க, ஒரு துண்டு ஃப்யூயல் டியூப் கூட போதும். ஸ்டியரிங்க ரெண்டு பக்கமும் முழுசா திருப்பி டயர் ஷாக்க உரசுதான்னும் பாத்துருங்க, குண்டு பாடி ஷாக்ல அந்த பிரச்சினை வரும்.

ஸ்க்ரூ மாட்டும்போது மேலயும் கீழயும் ஷாக் தானா ஆடணும், இறுக்கிப் பிடிக்கக்கூடாது. 2 மற்றும் 2.5 மிமீ ஹெக்ஸ் சாவி இருந்தா வேலை முடிஞ்சுரும், நல்ல டூலா வாங்குங்க, மழுங்குன சாவி ஸ்க்ரூ தலைய நாசமாக்கிரும். திரெட்லாக் (ஸ்க்ரூ கழறாம இருக்க போடுற பசை) இரும்பு இரும்போட சேர்ற இடத்துல மட்டும், பிளாஸ்டிக்ல பட்டா பிளாஸ்டிக் வெடிக்கும்.

எந்த ஓட்டைல மாட்டுறதுங்கிறது தனி ஆட்டம். லோயர் ஆர்ம்ல வெளி ஓட்டைல, சக்கரத்துக்கு கிட்ட மாட்டினா சஸ்பென்ஷன் கெட்டி, உள் ஓட்டைல மென்மை. டவர்ல உள்பக்கமா சாச்சு மாட்டினா ஆரம்பத்துல மெத்துனு போயி கடைசில கெட்டியாகும், நிமித்தி மாட்டினா ஆரம்பத்துல இருந்தே கெட்டி. புதுசா மாட்டுறவங்க கம்பெனி குடுத்த ஓட்டைலயே வச்சு ஆரம்பிங்க, ஒரு நேரத்துல ஒரே ஒரு விஷயத்த மாத்துங்க, மாத்தினத ஒரு நோட்டுல எழுதி வைங்க.

எல்லாம் மாட்டி பேட்டரி, பாடியோட தரைல வச்சு, ஒரு தடவ அமுக்கி விட்டுட்டு பாத்தா பின் டிரைவ்ஷாஃப்ட் கிட்டத்தட்ட தரைக்கு சமமா இருக்கணும். மான்ஸ்டர் ட்ரக்னா உயரமா இருந்தாதான் கெத்துன்னு சிலர் ஆர்ம் தொங்குற அளவுக்கு காலர இறக்குவாங்க, அப்படி வச்சா சக்கரம் பள்ளத்துல கீழ இறங்க இடமே இருக்காது, ஏற்கனவே உயரமான இந்த வண்டி வளைவுல கண்டிப்பா கவுரும். அப்புறம் முழங்கால் உயரத்துல இருந்து நாலு சக்கரமும் ஒண்ணா விழுற மாதிரி கீழ போடுங்க. சேஸிஸ் லேசா தரைய தட்டி ஒரே மூச்சுல எழும்பி அந்த உயரத்துலயே நின்னா நீங்க ஜெயிச்சுட்டீங்க. டயர் தரைய விட்டு எழும்பினா ஆயில் பத்தல. பட்டுனு அறைஞ்சாலும் ஆயில்தான், ஸ்பிரிங்க மாத்த ஓடாதீங்க.

ஓட்டும்போது கவனிச்சு கேளுங்க. ஜம்ப் ஏறுற இடத்துல பின்பக்கம் உதைச்சு மூக்கு குத்தினா பின் ஷாக் ரொம்ப வேகமா விரியுது, பின்னாடி ஆயில் 5 கூட்டுங்க. சின்ன சின்ன கல்லுல வண்டி தடதடன்னு பக்கவாட்டுல நகர்ந்தா ஆயில் அதிக கெட்டி. வளைவுல உருண்டா உயரத்த கொறைங்க, அப்பவும் உருண்டா முன் ஸ்பிரிங்க ஒரு படி கெட்டியாக்குங்க.

டாமியா கம்பெனியோட லஞ்ச் பாக்ஸ்ங்கிற வண்டி வச்சிருக்கவங்களுக்கு ஒரு விஷயம், அது 1987 டிசைன், அதோட ஸ்டாக் ஷாக்ல ஆயிலே கிடையாது, வெறும் ஸ்பிரிங்கும் உரசலும்தான். உங்களுக்கு எந்த ஆயில் ஷாக் போட்டாலும் ராத்திரிக்கும் பகலுக்கும் உள்ள வித்தியாசம் தெரியும், பின் அச்சு முறுக்குறத பிடிக்க அஞ்சாவதா ஒரு ஷாக்கும் போடுவாங்க, அதையும் செய்ங்க. நெஜ மான்ஸ்டர் ட்ரக் உலகமும் இந்த வழியாத்தான் வந்துச்சு. மொதல்ல லாரி மாதிரி லீஃப் ஸ்பிரிங்லதான் குதிச்சாங்க, 1989ல பிக்ஃபுட் மான்ஸ்டர் ட்ரக்க உருவாக்குன பாப் சாண்ட்லரோட டீம் பிக்ஃபுட் 8ங்கிற வண்டிய குழாய் ஃபிரேமும் நைட்ரஜன் ஷாக்கும் வச்சு இறக்கினதுக்கு அப்புறம் மொத்த விளையாட்டோட ஷாக்கும் மாறிருச்சு. 66 இஞ்ச் டயர் எகிறுறத அடக்குறதும் நம்ம 2.8 இஞ்ச் வீல்ல மாட்டுன டயர் எகிறுறத அடக்குறதும் ஒரே கணக்குதான்.

ஒவ்வொரு ஓட்டத்துக்கும் அப்புறம் ஷாஃப்ட்ல ஒட்டின மண்ண உலர்ந்த பிரஷ்ஷால தட்டி விடுங்க, தண்ணி அடிக்காதீங்க, அடிச்சா உடனே துடைங்க. பத்து பன்னெண்டு பேட்டரி ஓடினதும் ஒரு ஷாக்க தொறந்து ஆயில் கலர பாருங்க, சாம்பல் நெறமா மாறியிருந்தா நாலையும் கொட்டிட்டு புதுசு ஊத்த வேண்டிய நேரம். சீல் செட் ஒண்ணும் 60 மில்லி ஆயில் பாட்டில் ஒண்ணும் பெட்டில எப்பவும் இருக்கட்டும், ஞாயித்துக்கிழமை காலைல கிரவுண்டுல லீக் ஆச்சுன்னா எந்த கடையும் தொறந்திருக்காது.